புளி போட்டுத் தேய்த்த லென்ஸ்

போன மாதம் நான் வேலை பார்த்த ஆய்வுப் பிரிவிலிருந்து போன் வந்தது. இப்போது அங்கே படம் எடுக்கும் பெண் பேசினாள். பல் படம் எடுக்கப் புது லென்ஸ் வாங்கப் போகிறார்களாம். இரண்டு லென்ஸ் வந்திருக்கிறதாம், இரண்டுமே கையால் திருப்பும் வகை. ஒன்றுக்கு உள்குழல் பித்தளை. மற்றது முழுக்க அலுமினியம்.

"எதுங்கக்கா எடுக்கலாம்? சார் ரெண்டையும் தூக்கிப் பாத்துட்டு, லேசா இருக்கறதே போதும்னுட்டாருங்க" என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பெண் காரணமில்லை. தேங்காய் வாங்குகிறவன்கூடக் காதருகே ஆட்டிப் பார்க்கிறான். இந்தத் துறையில் லென்ஸை வெறுமனே தூக்கிப் பார்த்து வாங்குகிறார்கள். என் காலத்து அதிகாரியும் இதையேதான் செய்தார். அதற்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும். போனில் அவளிடம் கொஞ்சம் சொன்னேன். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். நைசாக எழுத எனக்கு வராது.

லென்ஸ் என்றால் கண்ணாடிதானே, எந்த உலோகமாக இருந்தால் என்ன என்று படித்தவர்களே கேட்டிருக்கிறார்கள். கண்ணாடி தானாக நகராது. ஒரு குழலுக்குள் இன்னொரு குழல் மரையில் சுற்றிக்கொண்டு முன்னும் பின்னும் போகிறது. அதில்தான் கண்ணாடி உட்கார்ந்திருக்கிறது. பாட்டில் மூடியைத் திருகுவது போலத்தான். அலுமினிய மரைக்குள் அலுமினிய மரை ஓடினால் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும். கடிக்காமல் இருக்க, மலிவாகச் செய்கிறவன் மரையைத் தளர்வாக வெட்டி கிரீஸை அப்பி விடுவான். குளிர்ந்த ஊரில் அது ஓடும். நம் ஊர் சித்திரை வெயிலில் அந்த கிரீஸ் எண்ணெயாக உருகும். பிடித்துக்கொள்ள எதுவுமில்லாமல் குழல் தன் பாரத்திலேயே நழுவும். அலுமினியத்துக்குள் பித்தளை ஓடினால் இந்த வம்பில்லை. இரண்டும் வேறு உலோகம், கடிக்காது. அதனால் மரையை இறுக்கமாக வெட்டலாம். வைத்த இடத்தில் நிற்கும்.

பித்தளை கனம். அதை நான் மறைக்கவில்லை. என் கழுத்து எலும்பு தேய்ந்ததற்கு நான் சுமந்த பித்தளை லென்ஸும் ஒரு காரணம். மேல்கூடு அலுமினியமாக இருக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. உள்மரை பித்தளையாக இருக்கவேண்டும்.

நான் சென்னையில் படித்தேன். தருமபுரியில் ஒரு ஸ்டூடியோவில் சில வருடம் கல்யாணமும் காதுகுத்தும் எடுத்தேன். மணப்பெண்ணை விட்டுவிட்டு, கேமரா தூக்கிய பொம்பளையைப் பார்த்த கூட்டம்தான் அதிகம். பிறகு சுகாதாரத் துறையின் ஆய்வுப் பிரிவில் வேலை கிடைத்தது. அதற்குமேல் என் படிப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

எங்கள் பிரிவின் வேலை தண்ணீரும் பல்லும். இந்த மாவட்டத்தில் பல ஊர்களில் பாறைக்கு அடியிலிருந்து வரும் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். சின்ன வயதில் அதைக் குடித்து வளர்ந்தால் பல்லில் சுண்ணாம்பு போல வெள்ளைத் திட்டு விழும், போகப்போகப் பழுப்பாகும். தேய்த்தால் போகாது. முற்றினால் எலும்பும் வளையும். எந்த ஊர் பம்பை மூடுவது, எந்த ஊருக்கு முதலில் வேறு தண்ணீர் கொடுப்பது என்று மேலே ஒரு குழு முடிவு செய்யும். தண்ணீர்ப் பரிசோதனை ஒரு பக்கம், பிள்ளைகளின் பல் படம் ஒரு பக்கம். இரண்டும் சேர்ந்தால்தான் பம்பை மூடுவார்கள்.

எங்களோடு வந்த பல் டாக்டரம்மா எனக்கு ஒன்றைச் சொல்லிக் கொடுத்தார். நிலைப்பல் ஈறுக்குள்ளேயே சின்ன வயதில் உருவாகிவிடும். முதலில் நுனி உருவாகும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஈறுப் பக்கம் வரும். அந்த வருடங்களில் குடித்த தண்ணீர் எதுவோ அது பல்லில் நிற்கும். முளைத்த பிறகு தண்ணீரை மாற்றிப் பிரயோசனமில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பல் படம் எடுப்பதற்கு ஒரு முறை உண்டு. பள்ளிக்கூடத்தில் நிழல் விழுகிற பக்கம் ஒரு நாற்காலி போடுவேன். பிள்ளையை உட்காரவைத்து, கன்னத்தை விலக்கும் பிளாஸ்டிக் வளைவை வாயில் மாட்டுவேன். அதைப் பார்த்தாலே மற்றதுகள் எல்லாம் சிரிக்கும். வாயில் மாட்டியிருப்பதும் சிரிக்கும், எச்சில் ஒழுகும். பஞ்சால் பல்லை ஒற்றி எடுத்துக் காயவிடுவேன். ஈரப் பல் மினுங்கும், திட்டு தெரியாது. பிளாஷை நேராக அடிக்கக்கூடாது, பக்கத்திலிருந்து அடிக்கவேண்டும்.

இவ்வளவும் யாருக்கும் வரும். அளவுதான் முக்கியம். லென்ஸ் குழலில் அளவு செதுக்கியிருக்கும். பல்லின் நிஜ அளவில் பாதி பிலிமில் விழவேண்டும் என்றால் வளையத்தை அந்தக் கோட்டில் வைக்கவேண்டும். வைத்த பிறகு அதைத் தொடவே கூடாது. படம் தெளிவாக வர வளையத்தைத் திருப்பாமல், நம் உடம்பை முன்னும் பின்னும் நகர்த்தவேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு, பல் தெளிவாகத் தெரிகிற அந்த இடத்தில் அழுத்தவேண்டும். அப்போதுதான் எல்லாப் பிள்ளையின் பல்லும் ஒரே அளவில் இருக்கும். ஊருக்கு ஊர், வருடத்துக்கு வருடம் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். வளையம் நழுவினால் ஒரு பல் பூசணி விதை போலவும் ஒரு பல் அரிசி போலவும் வரும். அதை வைத்துக்கொண்டு எவரும் எதையும் சொல்லமுடியாது.

நான் சேர்ந்தபோது பிரிவில் இருந்தது பழைய பித்தளை லென்ஸ். மேலே பூசிய கருப்பு தேய்ந்து ஓரமெல்லாம் மஞ்சளாகத் தெரியும். கோட்டில் வைத்தால் அங்கேயே நிற்கும்.

இனி டாக்டர். எங்கள் பிரிவின் அதிகாரி. குரலை உயர்த்தமாட்டார், யாரையும் திட்டமாட்டார். நாற்காலியில் உட்காருமுன் கைக்குட்டையால் இரண்டு தட்டு தட்டுவார். எதைக் கேட்டாலும் முடியாது என்று சொல்லமாட்டார். "பாத்துக்கலாம்மா" என்பார். அந்த வார்த்தையில் எத்தனை பேருடைய வேலை செத்திருக்கிறது என்று அங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். கத்துகிற அதிகாரியோடு சண்டை போடலாம். சிரிக்கிற அதிகாரியோடு என்ன செய்வது? என்னை அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஏம்மா போட்டோ" என்பார்.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு யாரோ மேலதிகாரி வருகிறார் என்று டாக்டர் ஆபீஸையே கழுவச் சொன்னார். பூஜையில் வைக்கிற பித்தளைச் சாமான் எல்லாம் பளபளவென்று இருக்கவேண்டும் என்பது உத்தரவு. குத்துவிளக்கு, மணி, தாம்பாளம் எல்லாவற்றையும் துப்புரவுப் பணி பார்த்த மாதம்மாளிடம் எடுத்துக் கொடுத்தார். அதோடு, கேமராவும் பூஜைக்கு உண்டுதானே என்று அலமாரியைத் திறந்து என் லென்ஸையும் தன் கையாலேயே எடுத்துத் தாம்பாளத்தில் வைத்தார். நான் அன்றைக்குக் களத்தில் இருந்தேன்.

மாதம்மாள் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துவிட்டாள். நல்ல மனுஷி, கண்ணாடி கீறக்கூடாது என்று அதன்மேல் துணி கட்டித்தான் தேய்த்திருக்கிறாள். நான் திரும்பி வந்தபோது லென்ஸ் சந்தனம் குங்குமத்தோடு, கல்யாணச் சொம்பு போல மின்னிக்கொண்டு இருந்தது. கருப்பு மொத்தமும் போயிருந்தது. அளவுக் கோட்டில் இருந்த வெள்ளைப் பூச்சு போயிருந்தது. வளையத்தைத் திருப்பினால் நறநறவென்றது. மரைக்குள் புளி நாரும் சாம்பலும்.

"பித்தளைன்னா புளி போட்டுத்தானுங்கக்கா தேப்பாங்க. சார்தான் குடுத்தாரு. நா என்னத்த கண்டேன்" என்றாள் மாதம்மாள். அவளை நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொன்னதில் என்ன தப்பு?

டாக்டரிடம் போனேன். கழற்றிக் கழுவி கிரீஸ் போட்டால் சரியாகிவிடும், பெங்களூருக்கு அனுப்புங்கள் என்றேன். அவர் லென்ஸை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். இவ்வளவு கனத்தை எதற்குச் சுமக்கிறாய் என்று எனக்காக வருத்தப்பட்டார். பித்தளை என்றாலே களிம்பு ஏறும், வருடா வருடம் தேய்க்கவேண்டும், அலுமினியம் என்றால் தேய்க்கிற வேலையே இல்லை என்றார். சொன்னபடி முழு அலுமினிய லென்ஸ் ஒன்றை வாங்கியும் விட்டார். பூஜைக்குத் தேய்க்கவேண்டாம் என்பதற்காக ஒரு ஆராய்ச்சிப் பிரிவில் லென்ஸ் தேர்ந்தெடுத்த கதை வேறெங்காவது உண்டா, எனக்குத் தெரியாது. என் பித்தளை லென்ஸ் அவர் மேசைக்குப் போனது. மின்விசிறிக் காற்றில் தாள் பறக்காமல் இருக்க அதை மேலே வைத்துக்கொண்டார்.

புது லென்ஸை வெயிலில் வைத்துப் பார்த்தேன். அதன் முகத்தைக் கொஞ்சம் கீழே சாய்த்தாலே வளையம் வழுக்கியது. போய்ச் சொன்னேன்.

"அப்ப கீழ பாத்து எடுக்காதம்மா" என்றார்.

பள்ளிக்கூடப் பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்தால் என் இடுப்பு உயரம். மரத்தில் ஏற்றி வைத்தா எடுப்பது என்று கேட்டேன். சிரித்தார். பாத்துக்கலாம்மா.

காரிமங்கலத்திலிருந்து உள்ளே தள்ளி ஒரு ஊர். பேர் எழுதமாட்டேன். அந்த ஊர்ப் பெண்கள் என்றாலே "பல்லைக் காட்டச் சொல்" என்று கேட்கிற கூட்டம் இன்னும் இருக்கிறது. அங்கே போனது கோடை விடுமுறைக்குக் கொஞ்சம் முந்தி, அனல் அடிக்கிற நேரத்தில். காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியால் வளையத்தைக் கட்டி வைத்தேன். வேர்வையிலும் சூட்டிலும் அது உரிந்து உரிந்து வந்தது. அது பிலிம் காலம். எடுத்தது எப்படி வந்திருக்கிறது என்று கழுவிப் பார்த்தால்தான் தெரியும். கண்ணை கேமராவில் வைத்துக்கொண்டு வளையத்தையும் பார்க்கமுடியாது.

அங்கேதான் சாலம்மாவைப் பார்த்தேன். மூத்த பெண் நான்காவது படிக்கிறாள், முன்பல் முழுக்கப் பழுப்பு. சின்னவள் திவ்யா இடுப்பில். அப்போதுதான் அந்தத் தண்ணீரில் கரைத்த கஞ்சி குடிக்க ஆரம்பித்திருந்தாள். பள்ளிக்கூட வாசலில் இருந்த அடிபம்புதான் அந்தத் தெருவுக்கே தண்ணீர். தள்ளி இருந்த கிணற்றில் தண்ணீர் நல்லதுதான், ஆனால் பம்பு பக்கத்தில் இருக்கும்போது யார் அவ்வளவு தூரம் நடப்பார்கள், மாமியார் விடுவாளா என்று சாலம்மாவே சொன்னாள். பம்பை மூடினால்தான் ஊர் கிணற்றுக்கு நடக்கும்.

பல் டாக்டரம்மா சொன்னதை அவள் நன்றாகப் பிடித்துக்கொண்டாள். என்னிடம் வந்தாள்.

"பெரியவளுக்குப் போனது போச்சுங்க போட்டோக்கா. சின்னவளுக்குப் பல்லு இன்னும் உள்ளதான இருக்குது. அது கெடறதுக்குள்ள இந்த பம்ப மூடச் சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன். படம் போனால் மூடிவிடுவார்கள் என்று நம்பிச் சொன்னேன்.

படம் கழுவி வந்தது. நான் பயந்ததுதான். சிலது பெரிசு, சிலது சிறிசு, சிலது ஒரு ஓரம் கலங்கல். மேலே இருந்த குழு திருப்பி அனுப்பிவிட்டது. ஒரே அளவில் இல்லை, கறையா அழுக்கா என்று சொல்லமுடியாது, அடுத்த சுற்றில் மறுபடி எடுக்கவும். குழு சொன்னது சரி. அந்தப் படங்களை நானாக இருந்தாலும் திருப்பித்தான் அனுப்புவேன். அடுத்த சுற்று என்றால் அடுத்த வருடம்.

டாக்டர் அறைக்குப் போனேன். உடனே மறுபடி போகவேண்டும், ஜீப் கொடுங்கள் என்றேன். சுற்றுப்பயணத் திட்டம் முடிந்துவிட்டது என்றார்.

"ஏம்மா போட்டோ, ஒரு வருஷம்தான? தண்ணி எங்க ஓடிப் போவுது?"

"தண்ணி ஓடலைங்க சார். புள்ளைங்க வாயிக்குள்ள போவுது."

"பாத்துக்கலாம்மா."

மேசையில் இருந்த பித்தளை லென்ஸை எடுத்தேன். தாளெல்லாம் காற்றில் பறந்தது. அவர் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு போனதைப் பார்த்தேன்.

"அது ஆபீஸ் சொத்தும்மா."

"லென்ஸா இருந்தப்ப ஆபீஸ் சொத்துங்க. அப்ப யாரும் பாக்கல. இப்ப இது பேப்பர் மேல வெக்கற கல்லு. வேற கல்லு கொண்டாந்து வெக்கறேன்."

வாசலில் கிடந்த ஒரு ஜல்லியைக் கழுவிக் கொண்டுபோய் வைத்தேன். பல வருடம் அது அங்கேயே இருந்தது.

தருமபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் வாட்ச் ரிப்பேர் பார்க்கிற பாய் ஒருவர் சின்ன ஸ்குரூக்களைக் கழற்றிக் கொடுத்தார். மரையைப் பெட்ரோலில் ஊறவைத்து, பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். புளி நாரை ஊசியால் ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தேன். அளவுக் கோடு செதுக்கல்தான், எங்கும் போகவில்லை. அதில் வெள்ளை நகப் பாலிஷை நிரப்பித் துடைத்தேன். பாய் துளி கிரீஸ் வைத்து மூடினார். திருப்பிப் பார்த்தேன். வைத்த இடத்தில் நின்றது. கீழே சாய்த்தேன், குலுக்கினேன், நின்றது. முதலிலேயே இதைச் செய்திருந்தால் கதையே இல்லை.

லீவு போட்டேன். பஸ்ஸில் காரிமங்கலம். அன்றைக்குச் சந்தை. கோழிக் கூடைகளுக்கு நடுவில் கேமராப் பையை மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் அந்த ஊருக்குப் போனேன். பள்ளி மூடியிருந்தது. சாலம்மாதான் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை இழுத்து வந்தாள். அவள் வாசலிலேயே எடுத்தேன். எல்லாம் ஒரே அளவு, ஓரம் முதல் ஓரம் வரை தெளிவு. அதைப்போல நல்ல பல் படம் நான் அதற்குமுன் எடுத்ததில்லை.

டாக்டர் அந்தப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ரொம்ப நன்றாக வந்திருக்கிறது என்று பாராட்டினார். பிறகு, உத்தரவில்லாமல் லீவில் எடுத்தது செல்லாது என்று டிராயரில் வைத்து மூடினார்.

பல் டாக்டரம்மா அவரோடு வாதாடினார். மேலே எழுதியும் போட்டார். அவர் எழுதியது கீழே டாக்டரிடமே வந்தது. அதுதான் நடைமுறையாம். அடுத்த கோடையில் முறைப்படி உத்தரவு, ஜீப், எல்லாம் வந்தது. அதே ஊர், அதே பிள்ளைகள், அதே பித்தளை லென்ஸ். குழு மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. பம்பின் கைப்பிடியைக் கழற்றிக்கொண்டு போனார்கள். ஊர் கிணற்றுக்கு நடந்தது. அப்புறம் குழாய்த் தண்ணீரும் வந்தது.

சாலம்மா எனக்கு நன்றி சொன்னாள். அந்த ஒரு வருடத்தைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. திவ்யா அப்போது பம்படியில் ஓடி விளையாடிக்கொண்டிருந்தாள். டாக்டர் பிறகு பதவி உயர்வில் போனார். வழியனுப்பு விழாவில், எந்தப் பிரச்சினையையும் பதறாமல் கையாண்டவர் என்று அவரைப் புகழ்ந்தார்கள். உண்மைதான். அவர் எதற்குப் பதறவேண்டும்? அவர் வீட்டில் பல் கெடவில்லை.

இதெல்லாம் பழைய கதை என்று விட்டுவிடலாம். விடமுடியாதபடி, போன் வந்த அதே வாரம் சாலம்மா அதியமான்கோட்டையில் என் வீட்டுக்கு வந்தாள். திவ்யா கூட வந்தாள். நர்சிங் முடித்துவிட்டு தருமபுரியில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்க ஒரு படம் வேண்டுமாம்.

"வாய மூடிட்டே எடுங்க போட்டோக்கா. பல்லு தெரிய வேண்டாம்" என்றாள் சாலம்மா.

பல்லைக் காட்டு என்றேன். திவ்யா தயங்கி, காட்டினாள். மேல்வரிசை முன்பல் நடுவில் குறுக்காக ஒரு கோடு. யாரோ அடிக்கோல் வைத்துக் கிழித்தது போல இருந்தது. ஈறுப் பக்கம் பால் மாதிரி சுத்தம். நுனிப் பக்கம் பழுப்பு.

"இந்தக் கோடு ஏன் இப்படி இருக்குதுன்னு எனக்கு ரொம்ப நாளா சந்தேகங்க" என்றாள்.

சொன்னேன். கோடு இருக்கிற இடம்தான் பம்பின் கைப்பிடியைக் கழற்றிய சமயம். நுனியில் கொஞ்சம் எப்படியும் கெட்டுத்தான் இருக்கும், அது எங்கள் கைக்கு வருமுன் குடித்தது. அதற்கும் கோட்டுக்கும் நடுவில் இருக்கிற பட்டை, படம் திரும்பி வந்ததிலிருந்து கைப்பிடியைக் கழற்றியது வரைக்குமான வருடம். புளி, அலுமினியம், பேப்பர் வெயிட் எல்லாவற்றையும் சொன்னேன். திவ்யா நாக்கால் அந்த இடத்தைத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பாதியாச்சும் நல்லா இருக்குதுங்களே, உங்களாலதான்" என்றாள் சாலம்மா.

எனக்கு அந்த நன்றி வேண்டாம். பாதிக்கு யாரும் நன்றி சொல்லக்கூடாது. அந்தப் பெண் பிறந்த ஊரில் நல்ல தண்ணீர் குடித்து வளர்ந்திருக்கவேண்டியவள். அதைச் சாலம்மாவிடமும் சொன்னேன்.

லென்ஸ் வாங்கப் போகிறவர்களைப் பற்றியும் சொன்னேன்.

"இதை எடுத்து அவங்களுக்கு அனுப்புங்க. மூஞ்சி வேண்டாம், பல்லு மட்டும்" என்றாள் திவ்யா.

மாப்பிள்ளை வீட்டுப் படத்துக்கு அம்மா சொன்னபடி வாயை மூடிக்கொண்டாள். அதை முடித்துவிட்டு, நாற்காலியை நிழலுக்கு இழுத்துப் போட்டு அவளாகவே உட்கார்ந்தாள். பஞ்சைக் கொடுத்தேன். அவளே பல்லை ஒற்றிக் காயவைத்து, விரலால் உதட்டை விலக்கிக்கொண்டு வாயைத் திறந்தாள். என் சொந்த லென்ஸின் வளையத்தைக் கோட்டில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன்.

பித்தளை மரை வாங்கு என்று எழுதி, அந்தப் படத்தையும் பிரிவுக்கு அனுப்பியிருக்கிறேன். சார் அடுத்த தடவை லென்ஸைத் தூக்கிப் பார்க்கும்போது அவருடைய மற்றொரு கையில் இதைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.